எடை, வயிறு, கைப்பிடி: உடல் அளவுகள் உடல்நலத்தை எவ்வளவு தூரம் முன்னறிவிக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொரீசியஸில் கோவில் மண்டபங்களில் நடக்கும் உடல்நலப் பரிசோதனைகளில், அளவு நாடாவோடு நிற்கும் வேலை பல ஆண்டுகளாக என்னுடையது. சர்க்கரையும் 'தான்சியோனும்' (இரத்த அழுத்தமும்) பார்க்க வரிசையில் நிற்பவர்கள், என் மேசைக்கு வந்ததும் முதலில் வெட்கப்படுவார்கள், பிறகு கேள்வி கேட்பார்கள். அந்தக் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லிவரும் விடைகளையும் இங்கே எழுதியிருக்கிறேன். இவை மருத்துவர் தரும் ஆலோசனைக்கு மாற்று அல்ல. மருத்துவரிடம் போகும்போது எதைக் கேட்பது என்று தெரிந்துகொள்ள உதவலாம்.

எடையையும் சுற்றளவையும் பார்த்தே எனக்கு என்ன நோய் வரும் என்று சொல்லிவிட முடியுமா?

முடியாது. ஜாதகம் கணிப்பதைப் போல எதிர்பார்த்துக் கேட்பவர்களுக்கு இந்த விடை ஏமாற்றமாகவே இருக்கிறது. உடல் அளவுகள் கூட்டத்தைப் பற்றித்தான் உறுதியாகப் பேசுகின்றன. வயிறு பெருத்த ஆயிரம் பேரையும், அதே வயதில் வயிறு பெருக்காத ஆயிரம் பேரையும் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தால், முதல் கூட்டத்தில் நீரிழிவும் மாரடைப்பும் கூடுதலாக இருக்கும் என்று தயங்காமல் சொல்லலாம். அந்த ஆயிரம் பேரில் நீங்கள் எந்தப் பக்கம் விழுவீர்கள் என்பதை நாடா சொல்லாது. உங்கள் பெற்றோருக்கு இருந்த நோய், புகைப்பழக்கம், இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை, வயது ஆகிய எல்லாம் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. ஆனால் ஒரே ஆளை, ஒரே முறையில், ஆண்டுக்கணக்கில் அளந்துவந்தால், அந்த எண்கள் ஏறும் அல்லது இறங்கும் போக்கு அவரைப் பற்றியே பேசத் தொடங்கும். என்னைக் கேட்டால், ஒருநாள் எடுத்த அளவைவிட அந்தப் போக்குக்குத்தான் மதிப்பு அதிகம்.

பி.எம்.ஐ. என்பது என்ன? அதை யார் கண்டுபிடித்தார்?

கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் வருவது உடல் நிறைக் குறியெண், அதாவது பி.எம்.ஐ. 70 கிலோ எடையும் 1.65 மீட்டர் உயரமும் உள்ளவருக்கு இது 25.7 ஆகும். பெல்ஜியத்தைச் சேர்ந்த கணித அறிஞர் அடோல்ஃப் கெத்லே 1830களில் இந்தக் கணக்கைப் போட்டார். அவர் மருத்துவர் அல்லர். நோயாளிகளைத் தரம் பிரிப்பதும் அவர் நோக்கமில்லை. 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்பதே அவருடைய தேடல். 1972இல் அமெரிக்காவின் ஆன்சல் கீஸ் அதற்கு இன்றைய பெயரைச் சூட்டிப் பரப்பினார். தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, அந்தக் கொழுப்பு எங்கே இருக்கிறது என்று இந்த எண்ணுக்குத் தெரியாது. அப்படியிருந்தும் அது இன்னும் நிலைத்திருப்பதற்குக் காரணம், தராசும் சுவரில் ஒட்டிய அளவுகோலும் இருந்தால் போதும் என்பதுதான்.

என் பி.எம்.ஐ. 24. இணையத்தில் 25 வரை சரி என்கிறார்கள், மருத்துவர் மட்டும் முகம் சுளிக்கிறார். யார் சொல்வது சரி?

இருவரும் தங்கள் தங்கள் கணக்கில் சரியே. 18.5க்குக் கீழே எடைக்குறைவு, 25க்கு மேல் கூடுதல் எடை, 30க்கு மேல் பருமன் என்ற எல்லைகள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளி மக்களிடமிருந்து கிடைத்த தரவுகளைக் கொண்டு வகுக்கப்பட்டவை. ஆசிய மக்களுக்கு அதைவிடக் குறைந்த பி.எம்.ஐ.யிலேயே நீரிழிவும் இதயநோயும் வருவதைப் பார்த்த உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு, 2004இல் 23, 27.5 ஆகிய எண்களை ஆசியர்களுக்கான எச்சரிக்கைப் புள்ளிகளாகச் சேர்த்தது. 2009இல் இந்திய வல்லுநர்கள் இன்னும் இறுக்கிப் பிடித்து, 23இல் கூடுதல் எடை என்றும் 25இல் பருமன் என்றும் வகுத்தார்கள்.

இங்கிலாந்தில் ஏறத்தாழ 15 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வு ஒன்று இதை இன்னும் தெளிவாக்கியது. வெள்ளையர் ஒருவருக்கு 30 பி.எம்.ஐ.யில் இருக்கும் நீரிழிவு ஆபத்து, தெற்காசிய வம்சாவளியைச் சேர்ந்தவருக்கு 23.9 பி.எம்.ஐ.யிலேயே வந்துவிடுகிறது என்று அது கண்டது. ஆகவே உங்கள் 24ஐப் பார்த்து மருத்துவர் முகம் சுளித்ததில் தவறில்லை.

இதற்குப் பின்னாலுள்ள காரணத்தை விளக்க நான் எப்போதும் ஒரு படத்தைப் பற்றிச் சொல்வேன். புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும், இலண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கினும் அருகருகே நிற்கும் படம் 2004இல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியானது. இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3, ஒரு புள்ளி கூட வேறுபாடில்லை. ஆனால் உடலில் உள்ள கொழுப்பை அளந்தபோது, யுட்கினுக்கு 9.1 விழுக்காடும் யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடும் இருந்தன. பார்வைக்கு ஒல்லியாக இருக்கும் நம்மவர் உடலில் தசை குறைவாகவும் கொழுப்பு கூடுதலாகவும் இருப்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது. இந்த வேறுபாடு கருவிலேயே தொடங்கிவிடுகிறது. புனே சுற்றுப்புறக் கிராமங்களில் பிறந்த குழந்தைகள் சராசரியாக 2.7 கிலோவும், இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரக் குழந்தைகள் 3.5 கிலோவும் இருந்தன. எடையிலும் தசையிலும் சிறுத்திருந்த இந்தியக் குழந்தைகளின் தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. ஆய்வாளர்கள் அவர்களை 'ஒல்லியான கொழுத்த குழந்தைகள்' என்றே குறிப்பிட்டார்கள்.

இவையெல்லாம் இந்தியாவிலும் இங்கிலாந்திலும் நடந்தவை. மொரீசியஸில் யாராவது அளந்திருக்கிறார்களா?

அளந்திருக்கிறார்கள், அதுவும் உலகம் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. 1987இல் தொடங்கிய தொற்றாநோய்க் கணக்கெடுப்பு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இங்கே நடந்துவருகிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பால் சிம்மெட் முதலான ஆய்வாளர்கள் நம் சுகாதார அமைச்சுடன் சேர்ந்து நடத்திய அந்த முதல் கணக்கெடுப்பு, நீரிழிவு இந்திய வம்சாவளியினரின் நோய் மட்டுமே என்ற எண்ணத்தை உடைத்தது. இந்துக்கள், முஸ்லிம்கள், கிரியோல்கள் (ஆப்பிரிக்க, கலப்பு வம்சாவளியினர்), சீனர்கள் என்று எல்லோரிடமும் அது ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. இன்று இந்தத் தீவின் பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது.

அந்தக் கணக்கெடுப்புகளில் அளக்கப்பட்டவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தபோது எனக்குப் பிடித்த ஓர் உண்மை வெளிப்பட்டது. வயிற்றுச் சுற்றளவை மட்டும் பார்ப்பதைவிட, பிட்டத்தின் சுற்றளவையும் சேர்த்துக் கணக்கிட்டால், பெருத்த வயிற்றுக்கும் மரணத்துக்கும் உள்ள தொடர்பு மேலும் அழுத்தமாகத் தெரிகிறது. வயிறு பெருத்தால் ஆபத்து. ஆனால் தொடையும் பிட்டமும் பருத்திருப்பது ஓரளவு காப்பு. இரண்டும் சேர்ந்தே பெருத்திருப்பவரிடம் வயிற்றை மட்டும் அளந்தால், கெட்டதையும் நல்லதையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றி அளப்பதாகிவிடும்.

வயிற்றுக் கொழுப்பு மட்டும் ஏன் இவ்வளவு கெட்டது?

தொடையிலும் பிட்டத்திலும் தோலுக்கு அடியில் சேரும் கொழுப்பு, கிடங்கில் பூட்டி வைத்த அரிசி மூட்டை போல, பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. குடலைச் சுற்றிச் சேரும் உட்கொழுப்பு அப்படியன்று. அது கொழுப்பமிலங்களை விட்டுக்கொண்டே இருக்கிறது. குடலிலிருந்து கல்லீரலுக்கு நேராகப் போகும் இரத்தக் குழாயில் அவை கலக்கின்றன. கல்லீரலில் கொழுப்பு படிகிறது, இன்சுலின் சொல்வதை உடல் கேட்காமல் போகிறது, சர்க்கரையும் கெட்ட கொழுப்பும் இரத்தத்தில் ஏறுகின்றன.

52 நாடுகளில் ஏறத்தாழ 27,000 பேரிடம் சலீம் யூசுப் தலைமையில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2005இல் இதை எண்ணால் காட்டியது. மாரடைப்பு வந்தவரையும் வராதவரையும் பிரித்துக் காட்டுவதில், வயிற்றுக்கும் பிட்டத்துக்கும் உள்ள விகிதம் பி.எம்.ஐ.யைத் தெளிவாகவே முந்தியது.

எத்தனை சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது?

தெற்காசிய வம்சாவளி ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பதே பரவலாக ஏற்கப்பட்ட எல்லை. ஐரோப்பிய ஆணுக்கு இது 94 ஆக இருப்பதால், பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்ட கையேடுகளைப் படித்துவிட்டு வருபவர்கள் குழம்புவதுண்டு. இந்த எண்கள் நினைவில் நிற்காவிட்டால் இன்னும் எளிய வழி ஒன்று உண்டு: வயிற்றின் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டும் அமைப்பு 2022இல் இதையே பரிந்துரைத்தது. சுற்றளவை உயரத்தால் வகுத்து 0.5க்குக் கீழே வந்தால் நல்லது, 0.6ஐத் தொட்டால் ஆபத்து அதிகம். ஒரு கயிற்றை எடுத்து உங்கள் உயரத்துக்கு வெட்டுங்கள். அதை இரண்டாக மடித்து வயிற்றைச் சுற்றிப் பாருங்கள். முனைகள் சந்திக்காவிட்டால் சர்க்கரைப் பரிசோதனைக்கு நாள் குறித்துவிடலாம்.

வயிற்றை வீட்டில் எப்படி அளப்பது? என் கால்சட்டை 34 அங்குலம், அது போதாதா?

போதாது. பெருத்த வயிறு உள்ள ஆண்கள் கால்சட்டையைத் தொப்பைக்குக் கீழே கட்டுவார்கள். இருபது ஆண்டுகளாக 34 அங்குலம் போடுகிறேன் என்று பெருமையாகச் சொன்னவர்களின் வயிற்றை நான் அளந்து 102 செ.மீ. எழுதியிருக்கிறேன்.

விலாவின் கடைசி எலும்பைத் தொட்டுப் பாருங்கள். பக்கவாட்டில் இடுப்பு எலும்பின் மேல்விளிம்பையும் தொட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் நாடா வர வேண்டும். தொப்புளை வைத்து அடையாளம் பார்க்காதீர்கள், வயிறு தொங்கினால் தொப்புளும் இறங்கிவிடும். நாடா முன்னும் பின்னும் தரைக்கு இணையாக, தோலை ஒட்டியபடி, ஆனால் அழுத்தாமல் இருக்க வேண்டும். மூச்சை இயல்பாக வெளியே விட்டு முடித்த அந்த நொடியில் எண்ணைப் படிக்க வேண்டும். வேட்டி கட்டியவர் எவரும் என் முன்னால் வந்ததும் தம்மை அறியாமல் வயிற்றை உள்ளிழுத்துக்கொள்வார். அவரிடம் பிள்ளைகளைப் பற்றி ஏதாவது கேட்பேன், பதில் சொல்லத் தொடங்கியதும் வயிறு தன் இடத்துக்குத் திரும்பிவிடும், அப்போது அளப்பேன். பெண்கள் புடவைக் கொசுவத்தின் மேலேயே அளக்கச் சொன்னால் பல செ.மீ. கூடிவிடும். ஆகவே திரை மறைவில், பெண் ஒருவரே, தோலின் மீது அளக்கும் ஏற்பாடு இல்லாத பரிசோதனை முகாமில் பெண்களின் வயிற்றளவை எழுதுவதையே நான் நிறுத்திவிட்டேன்.

கருவுற்ற பெண்கள், வயிற்றில் நீர் கோத்த கல்லீரல் நோயாளிகள், குடலிறக்கம் உள்ளவர்கள் ஆகியோருக்கு இந்த அளவு எதையும் சொல்லாது.

மருத்துவமனையில் என் கையின் சுற்றளவை அளந்தார்கள். அது எதற்கு?

இரண்டு காரணங்கள் இருக்கலாம். முதலாவது, படுத்த படுக்கையாக இருப்பவரைத் தராசில் நிறுத்த முடியாது. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே உள்ள சுற்றளவு 23.5 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால், அவருடைய பி.எம்.ஐ. 20க்குக் கீழே இருக்க வாய்ப்பு அதிகம் என்று கொள்வார்கள். உயரத்தையும் அப்படியே வேறு வழியில் கணிப்பதுண்டு; முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை உள்ள எலும்பின் நீளத்தை அளந்து அட்டவணையில் பார்ப்பார்கள்.

இரண்டாவது காரணத்தைப் பலர் அறிவதில்லை. இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை கைக்குப் பொருந்த வேண்டும். பருத்த கையில் சாதாரணப் பட்டையைச் சுற்றினால் அழுத்தம் உண்மையில் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். மிகப் பெரிய பட்டை தேவைப்படும் கைகளில் சாதாரணப் பட்டையைப் பயன்படுத்தியபோது, மேல் அழுத்தம் சராசரியாக 19.5 அலகு கூடுதலாகக் காட்டியதை 2023இல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்தது. ஒரு சிறிய மருத்துவமனையில் என் உறவினர் ஒருவருக்கு இப்படித்தான் தேவையில்லாத மாத்திரை ஆறு மாதம் ஓடியது. உங்கள் கை பருமனானது என்றால், பெரிய பட்டை இருக்கிறதா என்று கேட்கத் தயங்காதீர்கள்.

என் பாட்டிக்கு நீரிழிவு. ஆறு மாதத்தில் 60 கிலோவிலிருந்து 54 கிலோவுக்கு வந்துவிட்டார். வீட்டில் எல்லோரும் மகிழ்கிறார்கள். மகிழலாமா?

தாமே முயன்று, மருத்துவர் சொல்லி, உணவைக் குறைத்து இறக்கிய எடையா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் மகிழ வேண்டாம். இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 60 கிலோவில் 6 கிலோ என்பது பத்து விழுக்காடு. பிரிட்டனில் 2003இல் உருவாக்கப்பட்டுப் பல நாடுகளில் பயன்படும் ஊட்டக்குறைவுக் கணிப்பு முறையில், மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் முயற்சியின்றி ஐந்து முதல் பத்து விழுக்காடு எடை இறங்கினால் ஒரு புள்ளி, பத்தைத் தாண்டினால் இரண்டு புள்ளி. இரண்டு புள்ளி வந்தாலே அவர் அதிக ஆபத்துள்ள நோயாளி. கட்டுப்பாடில்லாத சர்க்கரை, தைராய்டு, காசநோய், புற்றுநோய், மனச்சோர்வு, சரியாகப் பொருந்தாத பல்செட்டு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். பல்செட்டுத்தானே என்று சிரிக்காதீர்கள். மெல்ல முடியாதவர் முதலில் கைவிடுவது கறியையும் பருப்பையும்தான்.

வீட்டில் தராசு இல்லாதவர்களுக்கு வேறு அடையாளங்கள் உண்டு. ஒரு மூதாட்டி தம் கையை உயர்த்தியபோது, மணிக்கட்டில் நிற்க வேண்டிய வளையல் முழங்கை வரை சறுக்கிக்கொண்டு போனதைப் பார்த்தேன். மருமகளிடம் கேட்டேன். "போன தைப்பூசத்தில் சோப்புப் போட்டுத்தான் கழற்ற முடிந்தது" என்றார். எந்தக் குறியெண்ணையும் கணக்கிடாமல் அன்றே அவரை மருத்துவரிடம் அனுப்பினேன்.

முதியவர்களின் பி.எம்.ஐ.யில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வயதாக ஆக முதுகெலும்பு சுருங்கி, உயரம் சில செ.மீ. குறைகிறது. இளமையில் எழுதிய உயரத்தையே வைத்துக் கணக்கிட்டால் எண் ஒருவிதமாகவும், இன்று அளந்து கணக்கிட்டால் வேறுவிதமாகவும் வரும். அடையாள அட்டை எடுத்த காலத்து உயரத்தை நம்ப வேண்டாம்.

டயாலிசிஸ் செய்பவர்களிலும் இதய நோயாளிகளிலும் குண்டாக இருப்பவர்களே கூடுதல் காலம் வாழ்கிறார்கள் என்கிறார்களே?

அப்படி ஒரு முரண் பல ஆய்வுகளில் வந்தது உண்மை. அதற்கான விளக்கங்களில் எனக்கு ஏற்புடையது இது: நோய் முற்றியவர்களின் எடை ஏற்கெனவே குறைந்துவிட்டது. மெலிந்ததால் அவர்கள் இறக்கவில்லை; இறப்புக்கு அருகில் இருந்ததால் மெலிந்தார்கள். புகைபிடிப்பவர்களிலும் இதுவே நடக்கிறது, புகை எடையையும் குறைக்கிறது, ஆயுளையும் குறைக்கிறது. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க, ஒரு கோடிக்கு மேற்பட்டோரின் தரவுகளைத் தொகுத்து 2016இல் வெளிவந்த ஆய்வில், ஒருபோதும் புகைக்காத, தொடக்கத்தில் நாள்பட்ட நோய் இல்லாதவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தார்கள். அவர்களில் 20 முதல் 25 வரை பி.எம்.ஐ. உள்ளவர்களிடமே இறப்பு மிகக் குறைவு.

இதய பலவீனம் உள்ளவருக்கு ஆண்டுக்கணக்கை விட நாள்கணக்கே முக்கியம். காலையில் சிறுநீர் கழித்த பிறகு, உண்பதற்கு முன், அதே உடையில், அதே தராசில் எடை பார்க்க வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் அது சோற்றால் வந்த எடையன்று, உடலில் தேங்கும் நீர். கால் வீங்குவதற்கும் மூச்சு வாங்குவதற்கும் முன்பே தராசு இதைச் சொல்லிவிடுவதால், அன்றே மருத்துவரை அழைத்தால் மருத்துவமனையில் படுப்பதைத் தவிர்க்கவும் முடியும். டயாலிசிஸ் செய்பவர்களுக்கும் 'உலர் எடை', அதாவது உடலில் கூடுதல் நீர் இல்லாதபோது இருக்கும் எடை, என்று ஒரு குறி வைத்திருப்பார்கள். இரண்டு சுழற்சிகளுக்கு இடையே அதற்கு மேல் எவ்வளவு ஏறுகிறது என்பதே அவர்களுக்கு முக்கியம்.

கைப்பிடியின் வலிமையையும் அளக்கிறார்களாமே. அதற்கும் இதயத்துக்கும் என்ன தொடர்பு?

நேரான தொடர்பு என்று சொல்ல மாட்டேன். பிடி என்பது உடல் முழுவதும் உள்ள தசையின் மாதிரி. ஒரு பிடி சோற்றைப் பதம் பார்ப்பதைப் போல. 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், பிடியின் வலிமை 5 கிலோ குறையும்போதெல்லாம் இறப்பின் ஆபத்து 16 விழுக்காடு கூடியிருந்தது. இறப்பை முன்னறிவதில் அது மேல் இரத்த அழுத்தத்தையே விஞ்சியது என்பதைப் படித்தபோது நான் வியந்தேன். ஆசியர்களுக்கான 2019ஆம் ஆண்டு வரையறைப்படி, ஆணுக்கு 28 கிலோவுக்கும் பெண்ணுக்கு 18 கிலோவுக்கும் கீழே போனால் தசை இழப்பைச் சந்தேகிக்க வேண்டும். பிடியை அளக்கும் கருவியான பிடிமானி எல்லா டிஸ்பான்சேரிலும் (ஊர் மருத்துவ நிலையத்திலும்) இருக்காது. நாடா போதும் என்றால், கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தை அளக்கலாம்: ஆணுக்கு 34 செ.மீ., பெண்ணுக்கு 33 செ.மீ. அதற்குக் கீழே இருந்தால் கவனம் தேவை. கால் வீங்கியிருந்தால் இந்த அளவு ஏமாற்றிவிடும்.

நடை வேகமும் அப்படித்தானா?

ஆம். 65 வயதைத் தாண்டிய 34,485 பேரின் தரவுகளைத் தொகுத்த 2011ஆம் ஆண்டு ஆய்வில், வேகமாக நடந்தவர்கள் நீண்ட காலம் வாழ்ந்தார்கள். நொடிக்கு ஒரு மீட்டருக்குக் குறைந்த நடை ஆசிய வரையறையில் மெதுவானது.

என் மகனுக்கு எட்டு வயது. அவனுக்கும் 23 என்ற எல்லையா?

இல்லை. குழந்தையின் பி.எம்.ஐ. வயதோடு மாறுவதால், வளர்ச்சி அட்டவணையில் வைத்தே அதைப் பார்க்க வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஊட்டக்குறைவைக் கண்டறிய கைச்சுற்றளவு மிகக் கூர்மையான கருவி. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை, 11.5 செ.மீ.க்குக் கீழே இருந்தால் அது உயிருக்கு ஆபத்தான நிலை.

மருந்துக்கடையில் உள்ள இயந்திரம் என் உடலில் கொழுப்பு 31 விழுக்காடு என்று சீட்டு அடித்துத் தந்தது. நம்பலாமா?

அந்த இயந்திரம் உடலில் மெல்லிய மின்சாரம் செலுத்தி, அது கடக்கும் தடையிலிருந்து கணக்கிடுகிறது. நீர் குடித்திருந்தால் ஓர் எண், வியர்த்திருந்தால் வேறோர் எண். தனி எண்ணாக நம்ப வேண்டாம்.

கழுத்தின் சுற்றளவு?

பெரிதாகக் குறட்டை விடுபவர், பகலில் தூங்கி வழிபவர் என்றால் அளந்து பாருங்கள். 40 செ.மீ.க்கு மேல் இருந்தால் தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய்க்கு வாய்ப்பு கூடுகிறது. அறுவைச் சிகிச்சைக்கு முன் மயக்க மருத்துவர் இதைக் கேட்பதும் அதற்காகவே.

காவடிக்குப் பத்து நாள் விரதம் இருந்து மூன்று கிலோ இறக்கினேன். நீரிழிவு ஆபத்து குறைந்திருக்குமா?

பத்து நாளில் இறங்கியதில் பெரும்பகுதி நீரும் கல்லீரலில் சேமித்திருந்த மாவுச்சத்தும்தான்; விரதம் முடிந்து ஏழு கறிச் சாப்பாடு முடிந்ததும் திரும்பிவிடும். கோர் தெ கார்ட் மலைப்படிகளில் காவடியோடு ஏறிய கால்களுக்கு நன்மை உண்டு, அதை ஆண்டு முழுதும் தொடர்ந்தால். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் விரதத்துக்கு முன் மருத்துவரைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

எவ்வளவு முயன்றாலும் எடை இறங்கவில்லை. நடப்பதும் உணவுக் கட்டுப்பாடும் வீண்தானா?

வீணன்று. இதற்கு நம் மக்களிடமிருந்தே சான்று இருக்கிறது. சென்னையில் மருத்துவர் ராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், நடையும் உணவுமுறையும் மாறியவர்களிடம் நீரிழிவு வரும் ஆபத்து 28.5 விழுக்காடு குறைந்தது. அவர்களுடைய எடை குறிப்பிடத்தக்க அளவு இறங்கவே இல்லை. தராசு அசையாதபோதும் உடலுக்குள் மாற்றம் நடந்துகொண்டிருந்தது என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன். தராசை மட்டும் பார்த்துச் சலித்து நடையை நிறுத்தியவர்களை நான் பார்த்திருப்பதால், இந்த ஆய்வை வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் சொல்கிறேன்.

ஏற்கெனவே நீரிழிவு வந்துவிட்டவருக்குக் கதை சற்று வேறு. பிரிட்டனில் நடந்து 2017இல் வெளியான டைரக்ட் ஆய்வில், நோய் வந்து ஆறு ஆண்டுக்குள் இருந்தவர்களுக்குக் கடுமையான உணவுமுறை தரப்பட்டது. ஓராண்டில் 15 கிலோவும் அதற்கு மேலும் இறக்கியவர்களில் 86 விழுக்காட்டினருக்கு மருந்தின்றியே சர்க்கரை இயல்புநிலைக்கு வந்தது. இது மருத்துவக் கண்காணிப்பில் நடந்தது. வீட்டில் தனியாக முயல வேண்டாம்.

பருமனே ஒரு நோயா, நோய்க்கு முன்னறிகுறி மட்டுமா?

2025 ஜனவரியில் சர்வதேச வல்லுநர் குழு ஒன்று இரண்டையும் பிரித்தது. கொழுப்பு கூடி, உறுப்புகளின் வேலையோ அன்றாடச் செயல்களோ கெட்டிருந்தால் அது நோய். கொழுப்பு கூடியும் உறுப்புகள் நன்றாக இருந்தால் நோய்க்கு முந்தைய நிலை. கொழுப்பு கூடியிருக்கிறதா என்று தீர்மானிக்கப் பி.எம்.ஐ. மட்டும் போதாது, சுற்றளவு போன்ற இன்னோர் அளவும் வேண்டும் என்று அக்குழு சொன்னது. நாடாவோடு நிற்பவள் என்பதால் எனக்கு அதில் சிறு மகிழ்ச்சி.

வீட்டில் எதை, எத்தனை நாளுக்கு ஒருமுறை எழுதி வைப்பது?

நோய் எதுவும் இல்லாத பெரியவருக்கு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடையும் வயிற்றுச் சுற்றளவும் போதும். 65ஐத் தாண்டியவர்களுக்கு மாதம் ஒருமுறை எடை. இதய பலவீனம் உள்ளவருக்குத் தினமும். மருத்துவமனை தரும் ராந்தேவு அட்டையின் (அடுத்த சந்திப்பு நாள் குறித்த அட்டையின்) பின்பக்கத்திலேயே தேதியோடு எழுதிவையுங்கள். தனி நோட்டு வீட்டில் மறந்துபோகும், அட்டை மறக்காது. மருத்துவரிடம் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். "எடை கொஞ்சம் குறைந்தாற்போல் இருக்கிறது" என்று சொல்வதைவிட, "மார்ச்சில் 71, ஜூனில் 68, சாப்பாட்டை நான் மாற்றவில்லை" என்று அட்டையைத் திருப்பிக் காட்டினால், அடுத்து என்ன பரிசோதனை என்பதை அவர் உடனே எழுதத் தொடங்குவார்.